பாலியல் சிகிச்சையாளர் ஒருவர் எப்படி உருவாகிறார்?

கல்யாணமாகி மூன்று வருடம். பிள்ளை இல்லை. வெள்ளவத்தையில் வாடகை வீடு, மனைவிக்கு வங்கியில் வேலை, கணவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளர். ஊரிலிருந்து மாமியார் எடுக்கும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் "விசேஷம் ஏதும் உண்டோ பிள்ளை?" என்ற கேள்வி வந்துவிடும். இரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், விந்துப் பரிசோதனை எல்லாம் செய்தாயிற்று. எல்லா அறிக்கையும் சரி. ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை: இவர்களுக்குள் உடலுறவு நடந்திருக்கிறதா? நடக்கவில்லை. முதல் முயற்சியில் மனைவிக்குத் தாங்க முடியாத வலி. அடுத்த முறை வலிக்குமோ என்ற பயத்தில் உடம்பே இறுகிப்போனது. அதைப் பார்த்துப் பயந்த கணவருக்கு விறைப்பு நிற்கவில்லை. பிறகு இருவரும் முயற்சி செய்வதையே விட்டுவிட்டார்கள். யாரிடமும் சொல்லவும் இல்லை.

இந்தத் தம்பதி கற்பனை. இவர்களின் நிலைமை கற்பனை இல்லை. தென்னாசியாவில் பிள்ளையில்லை என்று கிளினிக்குக்கு வருபவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையான சிக்கல் இதுதான் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். இப்படியானவர்களுக்கு உதவுவதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. பாலியல் சிகிச்சை, பாலியல் உளவளத்துணை என்று அதைச் சொல்லலாம். அந்தத் துறையில் உயர்நிலைப் பயிற்சி என்றால் என்ன, அதில் எதைக் கற்றுக்கொடுக்கிறார்கள், கொழும்பில் தமிழில் வேலை செய்ய விரும்பும் ஒருவருக்கு அதற்கு மேல் என்ன தேவை என்பதை அடிப்படையிலிருந்து சொல்லப் பார்க்கிறேன். உளவளத்துணை படிக்கும் மாணவர்கள், வைத்தியர்கள், தாதியர் ஆகியோருக்கு இது பயன்படும். உதவி தேடும் தம்பதிகளுக்கும் பயன்பட வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுவோம். பாலியல் சிகிச்சை என்பது பேச்சு. நாற்காலியில் உட்கார்ந்து, உடுத்த உடையோடு, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கதைப்பது. சிகிச்சையாளர் உங்களைத் தொடமாட்டார், தன் முன்னால் எதையும் செய்துகாட்டச் சொல்லமாட்டார். உடலைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் அதைச் செய்பவர் வைத்தியர், அதுவும் கிளினிக்கில், உங்கள் சம்மதத்தோடு, நீங்கள் விரும்பினால் இன்னொருவர் கூட இருக்கையில். வீட்டில் செய்து பார்க்கச் சில பயிற்சிகள் தரப்படும். அவற்றை நீங்கள் இருவரும் உங்கள் அறையில் தனியாகச் செய்வீர்கள். இதற்கு மாறாக யாராவது நடந்தால் அது சிகிச்சையே கிடையாது. எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தத் துறை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் மாஸ்டர்ஸ் என்ற மகப்பேற்று மருத்துவரும் வர்ஜினியா ஜோன்சனும் 1950களின் பிற்பகுதியிலிருந்து மனித உடல் பாலியல் கிளர்ச்சிக்கு எப்படிப் பதிலளிக்கிறது என்பதை ஆய்வுகூடத்தில் அளந்தார்கள். 1966இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். 1970இல் வெளியிட்ட நூல்தான் சிகிச்சைக்கு அடித்தளம். அதுவரை பாலியல் பிரச்சினை என்றால் பல வருடம் உளப்பகுப்பாய்வு செய்து சிறுவயது நினைவுகளைத் தோண்ட வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. இவர்கள் தம்பதியைச் சேர்த்து அழைத்து, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமான இரண்டு சிகிச்சையாளர்கள் முன்னால் உட்கார வைத்து, இரண்டு வாரம் தினமும் சந்தித்தார்கள். பிரச்சினை ஒருவருடைய உடம்பில் இருந்தாலும் சிகிச்சை இருவருக்கும்தான் என்பது அவர்கள் வைத்த விதி.

அவர்கள் உருவாக்கிய முக்கியமான பயிற்சி தொடுகைப் பயிற்சி. ஆங்கிலத்தில் சென்சேட் ஃபோகஸ் என்பார்கள். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றுவரை இத்துறையில் பயிற்சி பெறுபவர்கள் ஆரம்பத்திலேயே கற்பவற்றில் இதுவும் ஒன்று. சிகிச்சையாளர் தம்பதியிடம் முதலில் சொல்வது, "சில வாரங்களுக்கு உடலுறவுக்கு முயற்சி செய்யவே வேண்டாம்." கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அதற்காகத்தானே வந்தோம்! ஆனால் அந்தத் தடையில்தான் சிகிச்சை தொடங்குகிறது. நம் கற்பனைத் தம்பதியை யோசித்துப் பாருங்கள். கணவர் கையைப் பிடித்தாலே மனைவிக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்ற பயம். கணவருக்கோ கட்டிலில் ஏறியவுடன் "இன்றைக்கு ஏலுமோ ஏலாதோ" என்ற பரீட்சை. ஒருவர் தன் உடம்பைத் தானே வெளியிலிருந்து கண்காணித்துக்கொண்டிருந்தால் அந்த உடம்பு இயல்பாக வேலை செய்யாது. பரீட்சையை ரத்து செய்துவிட்டால் கண்காணிப்பும் மெல்ல நிற்கிறது.

பிறகு படிப்படியான தொடுகை. முதற்கட்டத்தில் மார்பும் பிறப்புறுப்பும் தவிர்த்த இடங்களை ஒருவர் மாற்றி ஒருவர் தொடுவார்கள். மற்றவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்ற நோக்கம் வேண்டியதில்லை. சூடு, மென்மை, அழுத்தம் என்று தன் விரல்களில் என்ன உணர்கிறோம் என்பதைக் கவனித்தால் போதும். அது வசதியாக வந்த பிறகு அடுத்த கட்டம். மனைவியின் வலிக்கு இதோடு வேறு வேலைகளும் சேரும்: இடுப்புத் தள தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, சிறிய அளவிலிருந்து தொடங்கும் விரிப்பான்களை (யோனிக்குள் வைத்துப் பழகும் வழவழப்பான கருவிகள்) தன் கட்டுப்பாட்டில், தன் வேகத்தில் பழகுவது. இப்படிப் பொறுமையாகச் செய்தால் இந்த வகைப் பிரச்சினையில் பெரும்பாலும் நல்ல பலன் கிடைக்கிறது. மூன்று வருடம் வாய் திறக்காமல் இருந்த ஒரு வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

மாஸ்டர்ஸும் ஜோன்சனும் சொன்ன எல்லாம் நிலைக்கவில்லை. உடல் கிளர்ச்சியடையும் விதத்தை அவர்கள் பிரித்துக் காட்டிய கட்டங்களில் ஆசைக்கு இடமே இருக்கவில்லை. நியூயோர்க்கில் ஹெலன் சிங்கர் காப்லான் 1970களில் ஆசையைத் தனி நிலையாகச் சேர்த்தார். 2000ஆம் ஆண்டளவில் கனடாவின் ரோஸ்மேரி பாசன், பெண்கள் பலருக்கு ஆசை முதலில் வருவதில்லை, நெருக்கமும் தொடுகையும் தொடங்கிய பிறகே வருகிறது என்று விளக்கினார். "எனக்குத் தானாக ஆசை வருவதே இல்லை, என்னில் ஏதோ குறை" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இந்த ஒரு விளக்கமே பாதி மருந்து. அதைவிடப் பெரிய பிழையும் ஒன்று உண்டு. 1979இல் மாஸ்டர்ஸும் ஜோன்சனும் ஒருபாலீர்ப்பைச் சிகிச்சையால் மாற்ற முடியும் என்று எழுதினார்கள். அந்தக் கூற்று பின்னர் நம்பிக்கையிழந்து போனது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்தே நீக்கியது. நல்ல பயிற்சித் திட்டம் இந்தப் பிழைகளையும் மறைக்காமல் சொல்லிக்கொடுக்கும்.

யார் எதுவரை செய்யலாம்?

உயர்நிலைப் பயிற்சி ஏன் தேவை என்பதை விளங்கிக்கொள்ள எனக்குத் தெரிந்த சுலபமான வழி, ஹவாயில் பணியாற்றிய உளவியலாளர் ஜாக் ஆனன் 1970களில் முன்வைத்த நான்கு படிகள். பிளிசிட் மாதிரி என்று அதை அழைப்பார்கள்.

முதல் படி, பேச அனுமதி தருவது. "பிரசவத்துக்குப் பிறகு உங்கள் இருவருக்கும் நெருக்கம் எப்படி இருக்கிறது? பலருக்குச் சிரமம் இருக்கும்" என்று குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் கேட்டால் அதுவே முதல் படி. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், முகம் சுளிக்காத மனம் வேண்டும். இரண்டாம் படி, அளவான தகவல். மாரடைப்பு வந்து தேறியவருக்கு எப்போது உறவு கொள்ளலாம் என்று சொல்வது, சுயஇன்பத்தால் நரம்பு கெடாது என்று சொல்வது போன்றவை. மூன்றாம் படி, அந்த நபருக்கென்று குறிப்பிட்ட ஆலோசனை. தொடுகைப் பயிற்சியும் இங்கேதான் தொடங்கும். நான்காம் படி, ஆழமான சிகிச்சை. சிறுவயதில் துஷ்பிரயோகம் அனுபவித்தவர், போர்க்காலக் காயங்களைச் சுமப்பவர், வருடக்கணக்கான கசப்போடு வாழும் தம்பதி போன்றோருக்கு மேலோட்டமான ஆலோசனை உதவாது. சில நேரம் பாதிக்கவும் செய்யும்.

இந்தப் படிகளில் மேலே போகப் போக ஆட்கள் குறைவார்கள், குறையத்தான் வேண்டும். பலரின் சிக்கல் ஆழமான சிகிச்சை வரை போகாமல் ஆரம்பப் படிகளிலேயே தீர்ந்துவிடும் என்பதுதான் ஆனன் சொன்னதன் சாரம். ஆகவே ஆசிரியர், தாதி, குடும்ப வைத்தியர், மதகுரு எல்லோருக்கும் முதல் படி தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம், நான்காம் படிகளுக்குத்தான் உயர்நிலைப் பயிற்சி. எங்கே தன் எல்லை முடிகிறது என்று அறிந்து, "இதற்கு மேல் இவரிடம் போங்கள்" என்று சரியான ஆளிடம் அனுப்புவதும் அந்தப் பயிற்சியில் ஒரு பாடம். அதை மிகப் பெரிய பாடம் என்றே சொல்வேன்.

பயிற்சிக்குள் என்ன இருக்கிறது?

நேரடியாக இதில் நுழைய முடியாது. முதலில் உளவியல், உளவளத்துணை, சமூகப்பணி, தாதியியல், மருத்துவம் போன்ற ஒன்றில் உறுதியான அடித்தளம் இருக்க வேண்டும். அதன் மேல்தான் இது. அமெரிக்காவில் 1967இல் தொடங்கப்பட்ட ஏசெக்ட் என்ற சங்கம் பாலியல் சிகிச்சையாளர்களுக்குச் சான்றிதழ் வழங்குகிறது. அவர்கள் கேட்கும் அளவைப் பார்த்தால் துறையின் கனம் புரியும்: முதுகலைப் பட்டமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், மனிதப் பாலியல் பற்றிய அடிப்படை அறிவுக்கு 90 மணித்தியாலம், சிகிச்சை முறைகளுக்கு 60 மணித்தியாலம், மேற்பார்வையின் கீழ் 300 மணித்தியாலம் சிகிச்சைப் பணி, மேற்பார்வையாளருடன் மட்டும் 50 மணித்தியாலம். பிரித்தானியாவில் கோஸ்ர்ட் என்ற கல்லூரி இதே போன்ற பதிவை நடத்துகிறது. ஐரோப்பாவில் பாலியல் மருத்துவத்தில் மருத்துவர்களுக்கென்று தனித் தேர்வு இருக்கிறது. வார இறுதிப் பட்டறை ஒன்றில் கிடைத்த சான்றிதழையும் இதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

உடல் பற்றிய பாடம் பலருக்கு எதிர்பாராத அளவு கனமாக இருக்கும். உளவளத்துணையாளருக்கு ஏன் இதெல்லாம் என்று கேட்கலாம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் விறைப்புக் குறைவென்று வருகிறார். மனைவியுடன் சண்டை இருக்கிறது, வேலை அழுத்தம் இருக்கிறது. மனப்பிரச்சினை என்று முடிவுகட்ட எல்லாக் காரணமும் இருக்கிறது. ஆனால் ஆணுறுப்பின் இரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களை விடச் சிறியவை. அடைப்பு முதலில் அங்கேதான் தெரியும். மாரடைப்புக்குச் சில வருடங்களுக்கு முன்பே விறைப்புக் குறைவு எச்சரிக்கையாக வரலாம். சீனி வருத்தம் நம் வீடுகளில் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று சொல்லவே வேண்டாம். அதுவும் விறைப்பைப் பாதிக்கும். மனச்சோர்வுக்குத் தரும் சில குளிசைகள் உச்சத்தைத் தள்ளிப்போடும், சில பிரஷர் குளிசைகளும் காரணமாகலாம். ஆகவே பயிற்சி பெற்றவர் முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது சீனியும் கொலஸ்டிரோலும் பார்த்தீர்கள்? என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள்?" அதற்குப் பிறகுதான் சண்டையைப் பற்றிய கேள்வி.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியவில்லை. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைத்திரேற்று வகைக் குளிசையைப் பயன்படுத்துபவர் சில்டெனாபில் போன்ற விறைப்புக் குளிசையை எடுத்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். உயிர் போகலாம். 1998இல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து இந்த எச்சரிக்கை அந்த மருந்தோடு இருக்கிறது. நண்பர் கொடுத்தார் என்று விழுங்காதீர்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதியிராத "மூலிகை" குளிசைகளும் அப்படியே. அவற்றில் இதே வேதிப்பொருள் ஒளிந்திருந்த சம்பவங்கள் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன.

அப்புறம் வருவது மனநிலைப் பயிற்சி. பாலியல் பற்றிய மனப்பான்மையை மறுபரிசீலனை செய்வது என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக "சார்" (SAR) என்று சொல்லும் இந்தப் பகுதியில், பயிற்சி பெறுபவர்கள் குழுவாக உட்கார்ந்து தங்கள் சொந்த நம்பிக்கைகள், கூச்சங்கள், வெறுப்புகளைப் பார்க்க வேண்டும். முதியவர்களின் பாலுறவு, மாற்றுத்திறனாளிகளின் ஆசை, ஒருபாலீர்ப்பு, திருமணத்துக்கு வெளியேயான உறவு, சுயஇன்பம் என்று தலைப்புகள் வரும்போது உள்ளே என்ன கிளம்புகிறது என்று கவனிக்க வேண்டும். யாரும் தன் மதத்தையோ ஒழுக்கத்தையோ விட வேண்டியதில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எழுபது வயது விதவை ஒருவர் தன் தனிமையைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது சிகிச்சையாளரின் புருவம் ஒரு கணம் உயர்ந்தால் போதும், அந்த அம்மா பேச்சை மாற்றிவிடுவார். திரும்ப வரவும் மாட்டார்.

மேற்பார்வை இந்தப் பயிற்சியின் முதுகெலும்பு. தன் துணைநாடியுடன், அதாவது உதவி தேடி வந்தவருடன், நடந்த அமர்வை, அடையாளங்களை நீக்கி, அனுபவமுள்ளவரிடம் ஒப்புவிக்க வேண்டும். எங்கே அவசரப்பட்டேன், எந்தக் கேள்வியைத் தவிர்த்தேன், ஏன் மனைவியின் பக்கம் சாய்ந்தேன் என்று பேசித் தெளிய வேண்டும். பாலியல் பற்றிப் பேசும் அறையில் துணைநாடிக்குச் சிகிச்சையாளர் மேல் ஈர்ப்பு வரலாம், சிகிச்சையாளருக்கும் வரலாம். பயிற்சி அதை மறைக்கச் சொல்வதில்லை. மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகச் சொல்கிறது. துணைநாடியுடன் பாலியல் உறவு எந்தக் காரணத்துக்காகவும் கூடாது என்பதில் உலகின் எல்லா ஒழுக்கக் கோவைகளும் ஒரே குரலில் பேசுகின்றன.

கொழும்பில், தமிழில்

இனி நம் ஊருக்கு வருவோம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் உளமருத்துவம், பாலியல் நோயியல் ஆகிய துறைகளில் நிபுணர்களை உருவாக்குகிறது. அங்கொடையில் தேசிய மனநல நிறுவகம் இருக்கிறது. 1953இல் தொடங்கிய இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் கொழும்பு 7, புல்லர்ஸ் ஒழுங்கையில் இருந்து இயங்குகிறது. பாலியல், இனப்பெருக்க நலம் பற்றி இந்த நாட்டில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். அந்த ஆரம்ப காலத்தில் முன்னணியில் நின்ற மகப்பேற்று வைத்தியர் சிவா சின்னத்தம்பி ஒரு தமிழ்ப் பெண் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கொழும்பு 10, டி சேரம் பிளேசில் உள்ள தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக்கில் தொற்றுப் பரிசோதனை இலவசம், அந்தரங்கம் காக்கப்படும். பெயர்கள் குழம்பக்கூடும் என்பதால் சொல்கிறேன்: பாலியல் நோய் வைத்தியர் தொற்றுகளைப் பார்ப்பவர், பாலியல் சிகிச்சையாளர் உறவையும் ஆசையையும் வலியையும் பார்ப்பவர். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தேவை.

பாலியல் சிகிச்சைக்கான உயர்நிலைப் பயிற்சியை இங்குள்ள உளமருத்துவர்களும் உளவியலாளர்களும் பெரும்பாலும் தங்கள் அடிப்படைப் படிப்புக்கு மேலே, வெளிநாட்டு நிறுவனங்கள் வழியாகவும் ஒன்லைன் மேற்பார்வை வழியாகவும் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பயிற்சி ஆங்கிலத்தில். வருகிற ஆட்களோ வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெமட்டகொடையிலிருந்தும், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து புறக்கோட்டைக் கடைகளுக்கு மேலே தங்கியிருக்கும் இளைஞர்களும். இவர்கள் கதவைத் திறந்தவுடன் "எனக்கு விறைப்புக் குறைபாடு" என்று சொல்லமாட்டார்கள். "நரம்புத் தளர்ச்சி," "உடம்பு பலவீனம்," "நாரி நோவு," "வீட்டில ஒத்துவருகுதில்லை" என்று தொடங்குவார்கள். அதைக் கேட்டு, அவசரப்படாமல், அடுத்த கேள்வியை மரியாதையான தமிழில் கேட்பதற்கு ஆங்கிலப் பாடநூல் வழிகாட்டாது.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சிங்களம் பேசும் நிபுணரிடம் போகும் தமிழ்ப் பெண்ணுக்குப் பெரும்பாலும் கணவரோ மைத்துனியோ மகளோதான் மொழிபெயர்ப்பாளர். வயிற்றுவலிக்கு அது சமாளிக்கலாம். பாலியல் வரலாறு எடுக்கும்போது அது கூடவே கூடாது. கணவர் முன்னிலையில், கணவரின் வாயால், "உங்களுக்கு விருப்பமில்லாமல் உறவு நடக்கிறதா?" என்ற கேள்வியை எப்படிக் கேட்பது? தமிழில் நேரடியாகக் கேட்கக்கூடிய சிகிச்சையாளர்கள் உருவாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இங்கு பயிற்சி பெறுபவர் கூடுதலாகக் கற்க வேண்டியவற்றில் முதலாவது விந்து இழப்புப் பயம். ஒரு துளி விந்து பல துளி இரத்தத்துக்குச் சமம் என்ற நம்பிக்கையோடு, தூக்கத்தில் விந்து வெளியேறினாலே வாழ்க்கை போய்விட்டது என்று ஒடுங்கிப்போகும் இளைஞர்கள் இன்னும் வருகிறார்கள். இந்திய உளமருத்துவர் என். என். விக் 1960இல் இதற்குத் தாது நோய்க்குறி என்று பெயரிட்டார். தெற்காசியாவின் தனி வியாதி போல இது பேசப்பட்டுவந்தது. 2004இல் இலங்கை உளமருத்துவர் அதுல சுமதிபாலவும் உடன் ஆய்வாளர்களும் பிரித்தானிய இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை, இதே பயம் ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் பரவலாக இருந்தது என்று காட்டியது. 18ஆம் நூற்றாண்டில் சுவிஸ் மருத்துவர் திஸ்ஸோ விந்து இழப்பால் உடலும் மூளையும் கெடும் என்று எழுதியதை அங்கே பலர் நம்பினார்கள். வருகிற இளைஞனைக் கேலி செய்யாமல், "மூடநம்பிக்கை" என்று தள்ளாமல், அவனுடைய களைப்புக்குப் பின்னால் மனச்சோர்வோ பதற்றமோ இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பயிற்சி. பல நேரம் இருக்கும். லேகியம் விற்பவரிடம் மாதச் சம்பளத்தைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் நம்மிடம் வருவான் என்பது எனக்கு வேதனை தரும் விஷயம்.

"சீக்கிரம் முடிந்துவிடுகிறது" என்ற கவலையும் அப்படித்தான். இணையத்தில் பார்க்கும் ஆபாசப் படங்களை அளவுகோலாக்கிக்கொண்டு அரை மணித்தியாலம் நீடிக்காவிட்டால் நோய் என்று நினைக்கிறார்கள். நெதர்லாந்து, பிரித்தானியா, ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் சுமார் 500 தம்பதிகள் நிறுத்தற்கடிகாரத்தால் அளந்து, 2005இல் வெளியான ஆய்வில் இடைநிலை நேரம் 5.4 நிமிடம். இந்த ஒரு எண்ணைச் சொன்னவுடன் முகம் தெளிந்துவிடும் ஆட்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டாம் படியே போதும்.

பிறகு நம் வாழ்க்கைச் சூழல். வெளிநாட்டு மாப்பிள்ளையைக் கட்டி, விசா வரும்வரை வருடக்கணக்காக வெள்ளவத்தை லொட்ஜிலோ உறவினர் வீட்டிலோ காத்திருக்கும் பெண்கள். கணவனோ மனைவியோ மத்திய கிழக்கில் இருக்க வீடியோ அழைப்பில் நடக்கும் இல்வாழ்க்கை. இரண்டு அறை வீட்டில் மாமா, மாமி, பிள்ளைகளோடு படுக்கும் தம்பதி. இவர்களிடம் "வாரத்தில் மூன்று நாள் ஒரு மணித்தியாலம் கதவைப் பூட்டிக்கொண்டு தொடுகைப் பயிற்சி செய்யுங்கள்" என்றால் என்ன பயன்? கதவே இல்லாத அறைகள் இருக்கின்றன. பிள்ளைகள் டியூஷனுக்குப் போகும் சனிக்கிழமைப் பின்னேரம் இருக்கிறதா, அக்கா வீட்டில் பிள்ளைகளை விடலாமா என்று சேர்ந்து யோசிப்பதும் சிகிச்சையின் பகுதி. முஸ்லிம் தம்பதிக்கு நோன்பு மாதத்தின் ஒழுங்கு, இந்துக் குடும்பத்தின் விரத நாட்கள், சில வீடுகளில் மாதவிடாய்க்கால ஒதுக்கம் என்று தெரிந்து அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒருபால் உறவைக் குற்றமாக வைத்திருக்கின்றன. அவற்றை நீக்குவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. "மகனை மாற்றித் தாங்கோ டொக்டர்" என்று பெற்றோர் அழுதுகொண்டு வருவார்கள். மாற்றும் சிகிச்சை என்று ஒன்று இல்லை, முயன்றால் அந்தப் பிள்ளைக்குத் தீங்கு என்பதை அவர்களிடம் பொறுமையாகச் சொல்லவும், எழுதிவைக்கும் குறிப்புகளால் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து வராமல் பார்க்கவும் தெரிய வேண்டும். மனைவி மீதான வல்லுறவு, நீதிமன்றப் பிரிவினை இருந்தால் அன்றிக் குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆனால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். வன்முறை இருக்கும் வீட்டில் தம்பதியைச் சேர்த்து உட்காரவைத்துத் தொடுகைப் பயிற்சி கொடுப்பது ஆபத்து. அதனால்தான் முதல் சந்திப்பிலேயே இருவரிடமும் தனித்தனியாகவும் பேசுகிறோம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இரண்டும் சிகிச்சையாளரின் மேசையில் இருக்க வேண்டியவை.

உதவி தேடுகிறவர்கள் கூச்சப்படாமல் கேட்கலாம்: உங்கள் அடிப்படைப் படிப்பு என்ன, பாலியல் சிகிச்சையில் எங்கே பயிற்சி எடுத்தீர்கள், இப்போது உங்களுக்கு மேற்பார்வையாளர் இருக்கிறாரா, நான் சொல்வதை யாருடன் பகிர்வீர்கள், எந்தச் சந்தர்ப்பத்தில் இரகசியத்தை மீற வேண்டியிருக்கும்? நல்லவர் இந்தக் கேள்விகளை வரவேற்பார். முதல் நாளே "மூன்று வாரத்தில் உத்தரவாதம்" என்பவரும், பிரச்சினையைக் கேட்கும் முன்பே மருந்துப் பொதியை எடுத்து வைப்பவரும் வேண்டாம். வெள்ளவத்தையில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம் என்பது மாதிரித்தான். மனைவியின் சித்தப்பாவோடு ஒன்றாகப் படித்தவரிடம் போக மனம் வராவிட்டால் வேறு பகுதியில் ஒருவரைத் தேடுவதிலும், ஒன்லைனில் பேசுவதிலும் தவறில்லை. ஒன்லைன் என்றால் சுவர் மெல்லியதா என்று பார்த்து, காதில் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே உளவளத்துணையாளராக இருந்து இதற்குள் வர நினைப்பவருக்கு என் ஆலோசனை, வெளிநாட்டுச் சான்றிதழுக்குப் பணம் கட்டுவதற்கு முன் முதல் இரண்டு படிகளை வடிவாகப் பழகுவது. இப்போது உங்களிடம் வரும் ஒவ்வொரு தம்பதியிடமும் நெருக்கம் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கிறீர்களா? உறுப்புகளின் பெயர்களைக் குரல் தாழாமல் தமிழில் சொல்ல வருகிறதா? அது வந்த பிறகு மேற்பார்வையாளரைத் தேடுங்கள்; பாடத்திட்டத்தை அவரோடு கலந்து தெரிவுசெய்யுங்கள். ஒரு மகப்பேற்று வைத்தியர், ஒரு சிறுநீரக அறுவை வைத்தியர், ஒரு இடுப்புத் தளப் பிசியோதெரபிஸ்ட், ஒரு உளமருத்துவர் என்று நீங்கள் நம்பி அனுப்பக்கூடிய நான்கு பேரையாவது முன்கூட்டியே போய்ச் சந்தித்து வையுங்கள். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், துணைநாடி சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே தமிழில் எழுதி, அதன் கீழ் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதிக்கொண்டு போங்கள். "வீட்டில ஒத்துவருகுதில்லை" என்பதை "திருமண முரண்பாடு" என்று நீங்களே சுருக்கிக்கொண்டு போனால், மேற்பார்வையாளர் முரண்பாட்டைப் பற்றித்தான் கேட்பார். அந்தப் பெண்ணின் வலியைப் பற்றிக் கேட்க அவருக்கு வழியிருக்காது.